பொனார்ட்டை விட்டுப் போன லாரி

லாரி தெருமுனையில் வந்து நின்றபோது உர்சல் தாய்சியாவின் மடியில் உட்கார்ந்து தினைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

எர்னா மூட்டையோடு வாசலில் நின்று, "வா" என்று ஜெர்மன் மொழியில் கூப்பிட்டாள்.

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு" என்றாள் உர்சல், ரஷ்ய மொழியில். அதுவும் தாய்சியாவின் முகத்தைப் பார்த்து.

எர்னா மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

அவள் அப்பா சிறுவனாக இருந்தபோது பொனார்ட் வெறும் கிராமம். பீர் ஆலை வளர்ந்தது, ரயில்வேக்காரர்கள் குடிவந்தார்கள், ஜெர்மனியின் கேனிக்ஸ்பெர்க் நகரம் நீண்டு வந்து ஊரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. போர் முடிந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது அந்த நகரமே ரஷ்யர்களுடையது. பொனார்ட் என்ற பெயர்ப்பலகையின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

அதெல்லாம் போகட்டும் என்றிருந்தாள் எர்னா. தன் வீட்டின் கீழ்த்தளத்தை அதிகாரிகள் ரஷ்யக்காரி தாய்சியாவுக்கும் அவள் கணவனுக்கும் கொடுத்தபோதுகூட வாய் திறக்கவில்லை. மாடி அறையில் ஒதுங்கிக்கொண்டாள். பகலெல்லாம் இடிபாடுகளில் செங்கல் பொறுக்கும் வேலை. உர்சலைக் கீழே விட்டுவிட்டுப் போனாள். வேறு வழியில்லை.

தாய்சியாவிடம் பால் இருந்தது. எரிகிற அடுப்பு இருந்தது. வாய் ஓயாத பாட்டு இருந்தது.

மாலையில் திரும்பினால் உர்சலின் தலையில் புதுச் சடை பின்னியிருக்கும். எர்னா அதை அவிழ்த்து, தன் கையால் மறுபடி பின்னிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

லாரியில் இருந்த சிப்பாய் ஹாரனை அழுத்தினான். தெருவில் மிச்சமிருந்த ஜெர்மானியர் எல்லோரும் இன்றே ரயிலேறி ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

தாய்சியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எர்னா, கோவிச்சுக்காதடி. இவளுக்கு இருமல் இன்னும் அடங்கல. அந்த கூட்ஸ் வண்டியில எத்தன நாள் போகணுமோ. எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். உசுரா வச்சுப் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வாள். அதில் எர்னாவுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வீட்ட எடுத்துக்கிட்டீங்க, தெருவ எடுத்துக்கிட்டீங்க. பெத்தவ கல்லு மாதிரி முன்னால நிக்கறேன், புள்ளையையும் கேக்கறியா நீ?"

தாய்சியாவின் முகம் வெளுத்தது. தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்துக் குழந்தைக்குச் சுற்றி எர்னாவிடம் கொடுத்தாள்.

அந்தச் சால்வையைப் பிடுங்கி அவள் மேலேயே எறியப் போனாள் எர்னா. உர்சல் இருமினாள். எர்னா சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

லாரி நகர்ந்ததும் குழந்தை "மாமா" என்று வீறிட்டது. ஜெர்மனிலும் ரஷ்யத்திலும் அம்மாவுக்கு அந்த ஒரே சொல்தான். ஆனால் கைகள் நீண்டது பின்னால் ஓடிவந்த தாய்சியாவை நோக்கி.

எர்னா குழந்தையின் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அது திமிறியது, கடித்தது. பக்கத்தில் இருந்த கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அழுகை ஓய்ந்துவிடும். எர்னாவுக்குத் தெரியும்.

போரின் கடைசிக் குளிர்காலத்தில், கிழக்கிலிருந்து தப்பி வந்த குதிரைவண்டி ஒன்று பீர் ஆலைச் சுவரோரம் நின்றிருந்தது. கடிவாளத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பெண்ணின் இமைகளில் விழுந்த பனி உருகவே இல்லை.

அவள் மடியிலிருந்து எர்னா தூக்கியபோதும் இந்தக் குழந்தை இதே சொல்லைச் சொல்லித்தான் கத்தியது.

ஒரு வாரத்தில் மறந்துவிட்டது.