கூசாத கண்

விபத்தில் போன கண்களுக்குப் பதிலாக அருள்நம்பிக்கு மிளகளவு ஜூம் கேமராக்கள் இருந்தன. வடிவமைத்தவள் அவன் மனைவி கோதை. எந்த விளக்கைப் பார்த்தாலும் வெளிச்சம் கோடுகோடாகச் சிதறி அவள் முகத்தையே மறைக்கிறது என்று அவன் அலுத்துக்கொண்டது அவளுக்குப் பொறுக்கவில்லை. சிதறும் ஒளியை அப்படியே விழுங்கிவிடும் புது லென்ஸைச் செய்து, சோதனை முடியும்வரை காத்திராமல் போன வாரமே பொருத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கற்பூரத் தட்டை அவன் முன் நீட்டும்போது அவன் கண்களையே பார்த்தாள். மறுபடியும் கூசிவிடுமோ?

கூசவில்லை. "உன் முகம் பளிச்சுனு தெரியுது கோதை," என்றபடி தட்டிலிருந்த திருநீற்றை எடுக்கப் போனான். கை சுடரைச் சுற்றிப் போகவில்லை. நேரே அதற்குள் போயிற்று.

அவள் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவன் விரலை உதறிக்கொண்டு தட்டை உற்றுப் பார்த்தான். "கற்பூரம் ஏத்திட்டியா என்ன?"

சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கோதை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "பாப்பாவை டியூஷன்ல இருந்து எந்த வழியாக் கூட்டிட்டு வர்றீங்க?"

"பைபாஸைத் தாண்டித்தான். இந்த ஒரு வாரமா இருட்டினப்புறம் அந்த ரோட்டுல ஒரு வண்டிகூட வர்றதில்ல."

மகள் தமயந்தி திருநீறு பூசிக்கொண்டே சிரித்தாள்.

"அப்பா நிக்கவே மாட்டார்மா. வண்டிங்கதான் சடார்னு நிக்கும்."