டயர் விட்ட காற்று

ஜெபசிங் தன் குட்டிக் காருக்குக் கடையில் இருந்ததிலேயே பெரிய வின்ச்சாக, கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் எந்திரமாகப் பார்த்து வாங்கி முன்னால் மாட்டினார். "நீ புதைஞ்சா இழுத்துவிட நான் இருக்கேன்" என்று வழியெல்லாம் டயரிடம் பீற்றிக்கொண்டே வந்தது வின்ச்.

கடலோரத் தேரியில், செம்மணல் மலையின் அடியில் கார் புதைந்தது. வின்ச்சின் கம்பியைக் கட்டி இழுக்க அங்கே ஒரு பனைகூட இல்லை. ஜெபசிங் வால்வுகளைத் திறந்து டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார்.

"என்ன தம்பி, காத்து போச்சா?" என்று சிரித்தது வின்ச்.

"போகலண்ணே, விட்டுக்கொடுத்திருக்கேன்" என்ற டயர், ஒட்டகத்தின் பாதம்போல மணல்மேல் அகன்று படிந்தது.

யாரும் இழுக்கவில்லை. அந்தச் செம்மணல் மலைமேல் கார் தோணிபோல மிதந்து ஏறியது. உச்சியில் கடல் விரிந்து கிடந்தது.

வின்ச் மெல்லக் கேட்டது: "தம்பி, எனக்கு வால்வு எங்க இருக்குன்னு கொஞ்சம் பாரேன்."