ஓடைக்கரைத் துண்டு

பென்சில்வேனியாவின் காட்டோரத்து ஊரில், புதிதாய்க் குடியேறியவர்களுக்குத் தேவாலய நிலம் ஏலம் போனது. நிர்வாகி பெல்ச்சர், உலகத்தையே தான் படைத்துக் கூறுபோடுவதுபோல் நின்றார்.

தாம்சின் ஓடைக்கரைத் துண்டைக் கேட்டதும் கூட்டம் சிரித்தது.

"அது வெறும் கல்லு, தாயி. சோளம்கூட முளைக்காது," என்றான் ஹைரம். "எனக்குன்னா தோண்டிக் கொத்திப் பன்னிப் பட்டியாவது போடுவேன்."

"தோண்ட வேண்டாம்! எனக்கே குடுத்துடுங்க ஐயா," என்றாள் தாம்சின்.

பெல்ச்சர் தொண்டையைக் கனைத்தார். "கல்லுன்னு எவன்டா சொன்னது? கல்லறை வேலிக்கு வெளிய ஓடை வரைக்கும், ராஜா பட்டயம் குடுத்த நாள்லேர்ந்தே கர்த்தரோட நிலம். புனித மண்ணு. விலை குறையாது."

"அப்பலேர்ந்தேவாங்க?"

"பின்னே? நான் பொய்யா சொல்றேன்?"

தாம்சின் தன் ஒரே கறவை மாட்டின் கயிற்றை அவரிடம் நீட்டினாள்.

"மாட்டையும் குடுத்துட்டு அங்கே என்னம்மா வளக்கப் போறே?" என்றார் பெல்ச்சர்.

"அங்கே எதுவும் வளராதுங்க."

போன பனிக்காலத்தில், ஞானஸ்நானம் பெறாமல் செத்த அவள் குழந்தைக்குக் கர்த்தரின் மண்ணில் இடமில்லை என்று விரட்டியவர் இதே பெல்ச்சர்தான். அது கர்த்தரின் மண் இல்லை என்று நம்பித்தான், வேலியைத் தாண்டி ஓடைக்கரையில் அவள் குழி வெட்டினாள்.

கேட்டுவிட நாக்கு துடித்தது. பத்திரம் கைக்கு வருமுன் வாய் திறந்தால், பிள்ளையைத் தோண்டி வெளியே போட்டுவிடுவார்கள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்றாள்.