நாற்பத்தொன்பதுக்குக் கீழே

"அறுபத்து நாலு லட்சம். அதையே எழுதிடுங்க," என்றான் பரிதி. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தான்.

அம்மா அம்சம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு விலைப்பட்டியலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம். ஒவ்வொரு எண்ணிலும் அவள் விரல் நின்று நின்று நகர்ந்தது.

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் அந்தக் கார் ஷோரூம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. விற்பனை அதிகாரி பிரகதீஸ்வரி படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் நிரப்பிவிட்டு, விலை எழுதும் கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

பரிதி எண்ணெய்க் கப்பலில் தலைமை இன்ஜினியர். இன்னும் பதினோரு நாளில் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் இந்தக் கறுப்பு வண்டியை எடுத்து, திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, ஊருக்குள் பெரிய தெரு வழியாக ஒரே ஒரு தடவை மெதுவாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கடலில் இருந்த ஏழு மாதமும் அந்தத் தெருவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்சம் தலையை நிமிர்த்தினாள்.

"ஏம்மா, எங்க ஊரு பெரிய தெரு நாகேஸ்வரன் ஐயா இங்கதானே வாங்கினாரு? அது எவ்வளவு வந்துச்சு?"

ஐயா.

பரிதிக்குக் காது சுட்டது.

ஒன்பது வயதில், ரேஷன் கடை வாசலில் நின்றிருந்த நாகேஸ்வரனின் காரில் அவன் கை வைத்துவிட்டான். அவர் திட்டவில்லை. கதவைப் பார்த்தார். அப்புறம் அம்சத்தைப் பார்த்தார். அவர் வயலில் நடவு முடிந்து சேறு காயாத காலோடு வந்திருந்த அம்சம், முந்தானையால் மகனின் கைத்தடத்தைத் துடைத்தாள். அவர் நகரவில்லை. இன்னொரு தரம் துடைத்தாள்.

பிரகதீஸ்வரி கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாற்பத்தொன்பதும்மா. போன தை மாசம் எடுத்தாங்க. ஆன் ரோடு," என்றாள்.

பரிதி சிரித்துவிட்டான். நாற்பத்தொன்பது. பதினைந்து லட்சம் மேலே. கணக்கு இப்படி வந்து விழும் என்று அவன்கூட எதிர்பார்க்கவில்லை.

அம்சம் பட்டியலை நாலாக மடித்து மேசையில் வைத்தாள்.

"அதுக்குக் கீழ ஒண்ணு காட்டும்மா."

பேனா நின்ற இடத்திலேயே நின்றது.

"ம்மா, என்ன பேசுற?"

"கீழ இருக்கறத காட்டச் சொன்னேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். பரிதி எழுந்து, கறுப்பு வண்டியின் பின்கதவைத் திறந்தான். அம்சம் ஏறி உட்கார்ந்தாள். அவன் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். வெளிச்சத்தம் சட்டென்று அறுந்துபோனது. புதுத் தோலின் வாசனை மட்டும் இருந்தது.

"இன்னும் எத்தன வருஷத்துக்கும்மா அந்த ஆளுக்குப் பயந்து சாவ? என் சம்பளம். நான் கடல்ல கெடந்து சம்பாதிச்சது. அவன் வண்டி என்னான்னு கேட்டுத்தான் நான் வாங்கணுமா?"

அம்சம் முன்சீட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே பிரகதீஸ்வரி இவர்களைப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"கத்தாத," என்றாள். "அந்த நாப்பத்தொம்போது லட்சம் நம்ம காசு."

பரிதிக்குப் புரியவில்லை.

"நீ அனுப்புனத பேங்க்ல போட்டிருக்கேன்னு சொன்னேன்ல, போடல. களத்துமேட்டுக்குக் கெழக்க அவரு நிலம் ரெண்டு ஏக்கரு எம்பேர்ல பத்திரம் ஆயிருச்சு. ஊருக்குத் தெரிய வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. உங்கிட்டகூட நான் சொல்லல. அந்தக் காசுலதான் காரு எடுத்தாரு. கையில காசில்லாம நிலத்த வித்துட்டான்னு ஊரு பேசிடக் கூடாதுல்ல."

பரிதி அம்மாவையே பார்த்தான். அவள் நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, விலை பேசுகிற குரலில் தொடர்ந்தாள்.

"வாய்க்கா தலைமடையில அஞ்சு ஏக்கரு இன்னும் இருக்கு. பதினாலு வயசுலேருந்து நான் நட்ட வயலு. அமெரிக்காவுல இருக்கற அவரு மகன் முகுந்து வித்துருன்னு நெருக்கறான். கோடைக்குள்ள முடிவு பண்ணுவாரு. ஆனா நீ இதுல போயி அந்தத் தெருவுல எறங்குனா, தரிசாப் போட்டாலும் போடுவாரு, நமக்குத் தர மாட்டாரு."

"அதுவரைக்கும் ஐயா ஐயான்னு கூப்பிட்டுட்டே இருப்பியா?"

"கூப்புடறதுக்குக் காசா பணமா?"

சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. மடியில் கோத்திருந்த அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

பரிதி ஏழு மாதமாக மனசுக்குள் ஓட்டிய தெரு கண் முன்னால் ஒரு தரம் வந்து போனது.

கதவைத் திறந்து இறங்கினான்.

"மேடம், முப்பதுக்குள்ள என்ன இருக்கு?"

பிரகதீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் வண்டிக்குள்ளிருந்து அம்சத்தின் குரல் வந்தது.

"இருபதுக்குள்ள."