வேர்வைக்கு மாஃபி

"அப்பா, ப்ளீஸ்... இது நீங்க இல்லைன்னு சொல்லுங்க."

துபாயில் எட்டாவது படிக்கும் தாரிணி, தன் ஐபேடைத் தியாகுவின் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதில் ஒல்லியாக ஒரு பையன். கோயம்புத்தூர் வெயிலில் கறுப்பு ஹூடி, திருப்பிப் போட்ட தொப்பி. பாதி கட்டிய கட்டடத்துக்கு முன்னால் நின்று, கேமராவைக் குத்திவிடுவதுபோல் விரலை நீட்டி ராப் பாடிக்கொண்டிருந்தான்.

'உன் வேர்வைக்கு மாஃபி!
உன் வயசுக்கு மாஃபி!
நீ தூங்காத தூக்கத்துக்கு மாஃபி!'

சாட்சாத் தியாகுவேதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், காலேஜ் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட் ராப்' என்று சொல்லிக்கொண்டு எடுத்தது. அண்டர்கிரவுண்ட் என்றால் வேறொன்றுமில்லை, யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

"எதுக்குப்பா ஒவ்வொரு லைன்லயும் இல்லை, இல்லைன்னு கத்துறீங்க?"

"நான் எங்கம்மா இல்லைன்னு கத்தினேன்?"

"கீழே கடை அங்கிள் 'பிரெட் மாஃபி'ன்னா, பிரெட் இல்லைன்னுதானே அர்த்தம்?"

தியாகு இட்லியைக் கீழே வைத்தான். அவன் எழுதியது இந்தி மாஃபி. மன்னிப்பு. ஹாஸ்டலில் ஒரு பீகார் பையனிடம் கற்றுக்கொண்ட சொல். ஊரைக் கட்டிக் கொடுக்கும் தொழிலாளியிடம் சமூகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டு அவன் எழுதிய பாட்டு அது. அரபியிலும் 'இல்லை' என்ற அர்த்தத்தில் ஒரு மாஃபி இருப்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

மகளுக்கு விளக்கினான்.

"இது இன்னும் மோசம்ப்பா! உங்களை யாரு சொசைட்டிக்கு லீடர் ஆக்கினா? சோ ப்ரிடென்ஷியஸ்!"

சுருக்கென்றிருந்தது. பர் துபாயிலிருந்து சைட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். ஒரு தடவை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த தடவை காதைப் பொத்திக்கொள்ளலாம்போல் இருந்தது. உண்மையாகவே எழுதினோமா, இல்லை வெறும் பந்தாவா? அவனுக்கே பிடிபடவில்லை.

வீடியோவை அழித்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது. ஆனால் காலேஜ் காலத்துப் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சைட் ஆபீஸில் அவன்தான் அட்மின் மேனேஜர். பத்து மணிக்குக் கம்பி கட்டும் ஃபோர்மேன் பழனிச்சாமி அட்டெண்டன்ஸ் ஷீட்டோடு வந்தார். ஷீட்டை நீட்டும்போதே அவர் சட்டைப்பையில் போன் அலறியது.

'உன் வேர்வைக்கு மாஃபி!'

தியாகு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"பழனிச்சாமி... இந்தப் பாட்டு?"

"ரிங்டோன் சார். மூணு வருஷமா இதான். யாரோ வாட்ஸப்ல அனுப்பி எங்க லேபர் கேம்ப் பூரா சுத்துச்சு. ஏன் சார், சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"அதில்ல... இந்தப் பாட்டுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"உள்ளதைச் சொல்லுது சார். வேர்வைக்கு ஒண்ணும் கெடையாது, வயசுக்கு ஒண்ணும் கெடையாது. கேம்ப்ல கெடந்து நொந்தவன்தான் இப்படி எழுத முடியும்னு ரூம்ல பேசிக்கிட்டு இருந்தோம்."

தியாகு மெதுவாகக் கேட்டான். "ஒருவேளை அது இந்தி மாஃபியா இருந்தா? மன்னிச்சிருங்கன்னு?"

பழனிச்சாமி சிரித்துவிட்டார். "மன்னிப்பா? எங்ககிட்ட யாரு சார் கேக்கப் போறா? அப்படி எழுதியிருந்தா சும்மா சீன் போடுறான்னு அர்த்தம்."

 மகள் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். நினைத்து எழுதியது பந்தா. நினைக்காமல் வந்து விழுந்தது சத்தியம். அப்படியானால் இந்தப் பாட்டு யாருடையது?

எப்படியோ, கேட்க நன்றாக இருந்தது. கேம்ப் முழுக்கத் தன் பாட்டு. மனசு சட்டென்று இளகிவிட்டது.

"பழனிச்சாமி, லீவு கேட்டிருந்தீங்கல்ல?"

"ஆமா சார். பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், பதினாலாம் தேதி. நீங்கதான் ஸ்லாப் காங்கிரீட் இருக்கு, முடியாதுன்னுட்டீங்க. போன்லயே பார்த்துக்கறேன்னு வீட்ல சொல்லிட்டேன்."

சொல்லும்போது பழனிச்சாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை.

தியாகு டிராயரைத் திறந்து, தானே மறுத்து ஒதுக்கி வைத்திருந்த லீவு ஃபாரத்தைத் தேடி எடுத்தான். 'முடியாது' என்று அடித்ததற்குப் பக்கத்தில் புதிதாகக் கையெழுத்துப் போட்டான்.

"ஸ்லாப்பை நான் பார்த்துக்கறேன். பன்னெண்டாம் தேதியே கிளம்புங்க. பொண்ணு பக்கத்துல அப்பா நிக்க வேண்டாமா?"

பழனிச்சாமி ஃபாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது.

தியாகு அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஒரு விஷயம் சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பாட்டைப் பாடினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். எங்க ரூம்ல எட்டு பேருக்கும் தெரியும்," என்றார் பழனிச்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போன வியாழக்கெழம எல்லார் முன்னாடியும் 'லீவு மாஃபி'ன்னு கத்துனீங்களே... அப்படியே அதே குரலு சார்."