வாசலில் ஒரு சிரிப்பு

என் மனைவி கல்யாணத்துக்கு முன் நடித்த ஒரே படம் கூடத்துத் தொலைக்காட்சியில் ஓடுகிறது. ஒரே வாரத்தில் திரையரங்கை விட்டுப் போன படம். அவள் உயிரோடிருந்தவரை, குடும்ப மானம் கருதி, அதை நான் வீட்டுக்குள் விட்டதில்லை. நல்ல படம்தான், காதல் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிப்பதில்லை. கறுப்பு வெள்ளை ஒளி சுவரில் நெளிகிறது. கதாநாயகன் மழையில் நனைந்து வாசலில் நிற்கிறான். கதவைத் திறக்கும் அவள் புறங்கையால் நெற்றி முடியை ஒதுக்கி, தலை சாய்த்து, உதட்டைக் கடித்துச் சிரிக்கிறாள். வேலை முடிந்து நான் வீடு திரும்பும் மாலைகளில் இப்படியேதான் சிரிப்பாள். எனக்கு மட்டுமே உரியது என்றிருந்தேன். "பூட்டி வைக்காத குறையா ஒளிச்சு வெச்சீங்களேப்பா! இப்பவாவது சொல்லுங்க, அம்மா எப்படி நடிக்கிறாங்க?" என்று மகள் என் முழங்காலில் தட்டுகிறாள். முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். "நல்லாத்தான் நடிக்கிறா" என்கிறேன்.