மூன்றாவது ஓட்டை

சுங்குவார்சத்திரத்தில் புது வாடகை வீடு. காலை ஷிஃப்ட் முடிந்து வந்த ஹேமா, அலமாரி மாட்டப் புது பேட்டரி டிரில்லை எடுத்தாள்.

"அப்பா மெஷின் தெருவுக்கே கேக்கும். இதுல சத்தமே இல்லம்மா."

"உங்கப்பாவுக்குக் கை ஆடும். மொத ஓட்டை எப்பவும் கோணல்தான்" என்று சிரித்தாள் அம்மா சசிரேகா. அந்த ஓட்டையைப் பல் தேய்க்கிற பேஸ்ட்டால் அடைத்து, வீட்டு ஓனர் கண்ணில் படாமல் மேலே காலண்டரை மாட்டிவிடுவார். அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

ஹேமா இரண்டு ஓட்டைகள் போட்டாள். இரண்டும் நேராக வந்தன. அலமாரி கச்சிதமாக உட்கார்ந்தது.

தூள் பெருக்க வந்த சசிரேகா அப்படியே நின்றாள். அலமாரிக்குப் பக்கத்தில் கோணலாக இன்னொரு ஓட்டை, பேஸ்ட்டால் அடைத்திருந்தது.

"முன்னாடி குடியிருந்தவங்க போட்டிருப்பாங்கம்மா."

சசிரேகா தொட்டுப் பார்த்தாள். பேஸ்ட் ஈரமாக விரலில் ஒட்டியது.

"ஓனர் வர்றதுக்குள்ள காலண்டர எடுத்துக்கினு வா" என்றாள்.